நிற்கிற லாரியின் கணக்கு

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சரக்கு இன்னும் விரைவாகப் போய்ச் சேர என்ன வழி என்பதுதான் இன்றைய பேச்சு. கேள்வியைக் கேட்டதும் எல்லோரும் ரோட்டைத்தான் நினைப்பார்கள். நினைக்கக் காரணமும் இருக்கிறது. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை 262 கிலோமீட்டர், வி.கோட்டை, பலமநேர், குடிபாலா வழியாகச் சித்தூர் மாவட்டத்துக்குள் வருகிறது. சித்தூரிலிருந்து தச்சூருக்கு 116 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலை, சென்னைக்கு வடக்கே இருக்கும் துறைமுகங்களை மனதில் வைத்துத் திட்டமிட்டது. இவை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வந்தால் நல்லதுதான். ஆனால் ரோடு அகலமானால் சரக்கு வேகமாகச் சேர்ந்துவிடும் என்று நாம் வைத்திருக்கிற நம்பிக்கை அளவுக்கு மீறியது. நம் சரக்கு தாமதமாவது பெரும்பாலும் லாரி நிற்கிற இடத்தில். அந்த இடத்தை யாரும் அளப்பதில்லை, அதற்கு அடிக்கல் நாட்டவும் யாரும் வருவதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட சரக்குப் போக்குவரத்து அறிக்கை, இந்திய லாரி நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடுகிறது என்கிறது. உலக அளவில் அது 500இலிருந்து 800 வரை. லாரியின் வேகம் மணிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டருக்கு ஏழரை மணி நேரம் போதும். மீதிப் பதினாறரை மணி நேரமும் வண்டி நிற்கிறது. புது ரோடு போட்டு 40ஐ 50 ஆக்கினால், அதே ஏழரை மணி நேரத்தில் 375 கிலோமீட்டர் போகலாம். ரோட்டில் ஒரு சட்டி தாரும் ஊற்றாமல், நிற்கிற நேரத்தில் மூன்று மணியை மட்டும் குறைத்தால், பழைய வேகத்திலேயே 420 கிலோமீட்டர் போகலாம். டிரைவர் தூங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்திருந்தபோது, ஏழரை மணி ஓட்டம் சரிதானே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஏழரை, சராசரியில் வருகிற ஏழரை. ஒரு நாள் பதினைந்து மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டிவிட்டு, மறுநாள் முழுக்க ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே படுத்துக் கிடந்தாலும் சராசரி ஏழரைதான். சட்டம் நினைத்த எட்டு மணி நேரம் வேறு, நம் ரோட்டில் நடக்கிற ஏழரை மணி நேரம் வேறு.

இதற்குச் சாட்சி தேட வெளியூர் போக வேண்டியதில்லை. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் இந்த மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளின் வாசலில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். கிளிமூக்கு மாங்காய், இங்கே சொல்கிற பெயரில் தோத்தாபுரி, அளவுக்கு மேல் காய்த்த வருடம் அது. ஆலைகளில் முந்தைய வருடத்துக் கூழே விற்காமல் தேங்கிக் கிடந்தது. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று விலை அறிவித்தார்கள். வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று ஜூனில் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. அதை எதிர்த்துக் கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் வரை போயிற்று. விலைத் தகராறும் எல்லைத் தகராறும் பத்திரிகையில் பெரிதாக வந்தன. வாசலில் நின்ற வரிசை படமாக மட்டும் வந்தது. டிராக்டரும் டெம்போவும் லாரியும் கிலோமீட்டர் கணக்கில், நாள் கணக்கில் நின்றன. பெட்டியில் அடுக்காமல் குவித்துக் கொட்டிய மாங்காய் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல் அடுக்கு வெயிலில் சுருங்கும். அடி அடுக்கு பாரத்தில் நசுங்கி, பலகை இடுக்கு வழியே சாறு ரோட்டில் சொட்டும். எடைமேடையில் ஏறும்போது தோட்டத்தில் ஏற்றிய எடை இருக்காது. ஆலைக்காரர் தரம் குறைவு என்று கழிப்பார். தோட்டத்துக்கும் ஆலைக்கும் தூரம் முப்பது நாற்பது கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை எட்டுவழிச் சாலையில் கடந்திருந்தாலும் வரிசையில் நிற்கும் இடம் சற்று முன்னதாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆலைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை டன்தான் அரைக்க முடியும், காயைப் பழுக்கவைக்க இத்தனை இடம்தான் இருக்கிறது, மாவட்டத்துக் காய் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுந்தால் கேட்டைத் திறந்துவைத்து என்ன பயன் என்கிறார்கள். உண்மை. அரைக்கும் திறனை யாரும் ஒரே பருவத்தில் இரட்டிப்பாக்க முடியாது. காத்திருப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அது எங்கே இருக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. மரத்தில் காத்திருக்கிற காய்க்கு வாடகை இல்லை. லாரியில் காத்திருக்கிற காய்க்கு வண்டி வாடகை, டிரைவர் பேட்டா, எடை இழப்பு மூன்றும் உண்டு. அந்த வண்டி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாததால் அங்கேயும் காய் தேங்குகிறது. கரும்பு விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது புதிய சங்கதியே அல்ல. சர்க்கரை ஆலை எதுவும் வெட்டிய கரும்பை வா என்று சொல்லி வாசலில் நிறுத்துவதில்லை. நட்ட தேதியையும் ஏக்கரையும் பதிவு செய்துகொண்டு கட்டிங் ஆர்டர் கொடுக்கிறது; ஆர்டர் வந்த பிறகுதான் அரிவாள் இறங்குகிறது. திருவாலங்காட்டிலும் அம்முண்டியிலும் உள்ள கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு கொடுத்தவர்கள் அந்த முறையின் குறைகளையும் சொல்வார்கள்: ஆர்டர் தாமதமாகும், வேண்டியவனுக்கு முந்திப் போகும், ஆள் பற்றாக்குறையில் தேதி தவறும். எல்லாம் நடந்ததுதான். இருந்தும், வெட்டு முறை இல்லாத கரும்பு ஆலையைக் கற்பனை செய்து பாருங்கள். 2025 ஜூலை மாதத்துச் சித்தூர் தெரியும்.

மாங்காய் கரும்பு இல்லை, முற்றிய காய் மரத்தில் நெடுநாள் தாங்காது, ஒரு காற்றடித்தால் பாதி கீழே என்பார்கள். சரி, கரும்புக்குக் கொடுக்கிற அவகாசம் மாங்காய்க்குக் கிடைக்காது. ஆனால் இங்கே மாதக்கணக்கில் தள்ளிப்போடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் வாசலில் நிற்பதற்குப் பதில் அதே இரண்டு மூன்று நாள் மரத்தில் இருக்கட்டும் என்பதுதான் பேச்சு. காய் கொண்டுவர வேண்டிய நாளைக் குறித்து ஆலை டோக்கன் கொடுத்தால் செல்வாக்குள்ளவர் தட்டிக்கொண்டு போவார் என்பது இன்னும் கனமான மறுப்பு. அதற்கு டோக்கனை ஒழிப்பது மருந்தில்லை, டோக்கன் பட்டியலை வெளியே ஒட்டுவதுதான் மருந்து. எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் என்ற ஈ-க்ராப் பதிவு ஆந்திர அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு ஆலைக்கும் நாள்வாரிப் பட்டியல் போட்டுக் கேட்டிலும் கிராமத்து ரைது சேவா கேந்திரத்திலும் ஒட்டினால், யார் முந்தினார் என்பதை யாரும் பார்க்கலாம். பட்டியலில் திருட்டு நடக்கலாம். வரிசையிலும் நடக்கிறது, ஆனால் வரிசையில் நடப்பதற்கு எழுத்தில் தடயம் இருப்பதில்லை.

நிற்கிற நேரத்தைக் குறைத்தாலே வேகம் கூடும் என்பதற்கு நாடு முழுக்க நடந்த ஒரு சோதனையும் இருக்கிறது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுபட்டன. தடாவிலும் நரஹரிபேட்டையிலும் நின்று பழகிய டிரைவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த வாரத்தில் ரோடு ஒரு அடிகூட அகலமாகவில்லை, எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. ஆனால் சரக்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. இந்த வட்டாரத்துக்கு அதில் தனி அர்த்தம் உண்டு. 1960 ஏப்ரல் வரை திருத்தணியும் சித்தூரும் ஒரே மாவட்டம். எல்லைக் கோடு மாறியதும் நடுவில் சாவடி என்ற ஒன்று முளைத்தது. வரிச்சாவடி போனாலும் போக்குவரத்துத் துறைச் சாவடிகள் தொடர்ந்தன என்பதையும், மாமூல் என்ற சொல் அகராதியிலிருந்து நீங்கிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது இதே வழியில் இன்னொரு படி.

அரசும் இந்தக் கணக்கைப் போடுகிறது, ஆனால் ஒருபக்கமாக. ஈ-வே பில் 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையே நடைமுறைக்கு வந்தபோது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அவகாசம். 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். லாரி வேகமாகிவிட்டது, ஆகவே அவகாசம் பாதி போதும் என்பது அதன் தருக்கம். ஓடுகிற லாரிக்கு அது தாராளமான அவகாசம்தான். சரக்கை இறக்க வேண்டிய இடத்துக் கேட்டில் இரண்டு நாள் நிறுத்தப்பட்ட லாரிக்கு அது கழுத்துக்குக் கத்தி. காலாவதியாவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ள வேண்டும்; தவறினால் அபராதம் லாரிமேல் விழும், நிறுத்தி வைத்தவர்மேல் விழாது. பச்சை மாங்காய்க்கு ஈ-வே பில் தேவையில்லை என்பது ஒரு ஆறுதல். அதே மாங்காய் கூழாகி டிரம்மில் ஏறிவிட்டால் தேவை.

ரேணிகுண்டாவிலிருந்து கிடைக்கிற சாட்சியம் லாரியைப் பற்றியதல்ல, ரயிலைப் பற்றியது. ஆனாலும் என் வாதத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. 2020 மார்ச் 26ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், தென் மத்திய ரயில்வே ரேணிகுண்டாவிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குத் தூத் துரந்தோ என்ற பால் ரயிலை விட்டது. ஒவ்வொரு டேங்கரிலும் 40,000 லிட்டர். தூரம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். ஒன்றரை நாளில் போய்ச் சேர்ந்தது. மணிக்கு அறுபதைச் சற்றுத் தாண்டிய சராசரி. நம் சரக்கு ரயில்களின் சராசரி வேகம் அதில் பாதிகூட இல்லை. தண்டவாளம் ஒன்று, எஞ்சின் ஒன்று. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பால் ரயிலுக்கு அட்டவணை போட்டார்கள், எக்ஸ்பிரஸ் ரயில் போல வழி விட்டார்கள், லூப் லைனில் ஒதுக்கி நிறுத்தவில்லை. நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்கு இறங்கும் என்று தெரிந்ததால் இரு முனையிலும் ஆள் தயாராக நின்றார்கள். நம் பார்சல் சர்வீஸ்கள் இந்தப் பாடத்தைப் பார்க்கலாம். திருப்பதியில் புக் செய்த பண்டல் ஓசூருக்குப் போக நாள்கள் ஆவது தூரத்தால் இல்லை. வண்டி நிரம்பும் வரை குடோனில் கிடப்பதாலும், சென்னையிலோ பெங்களூரிலோ இறக்கி மறுபடி ஏற்றுவதாலும்தான். பாதி லோடோடு வண்டியைக் கிளப்பினால் டீசலுக்கு யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். தனித்தனியாக எவராலும் கொடுக்க முடியாது. ஒரே தெருவில் மூன்று புக்கிங் ஆபீஸ், மூன்று வண்டி, மூன்றும் பாதி நிரம்பிக் காத்திருப்பதைவிட, ஒரு வண்டியில் மூவரும் இடம் வாங்கிக்கொண்டு இரவு பத்துக்குக் கிளப்பிவிடுவது நடக்கக்கூடிய காரியம்தான். போட்டியாளரின் பண்டலைத் தொட மாட்டேன் என்ற வீம்புதான் அதற்குத் தடை.

இனி டிரைவர் மாற்றும் முறை. 2014இல் குருகிராமில் தொடங்கிய ரிவிகோ நிறுவனம் லாரியை நிறுத்தாமல் டிரைவரை மாற்றிக் காட்டியது. நான்கைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு நிறுத்தம்; அங்கே அடுத்த டிரைவர் ஏறிக்கொள்வார், இறங்கியவர் எதிர்த்திசை வண்டியை ஓட்டிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புவார். தபால் ஓட்டக்காரர்கள் அஞ்சல் மாற்றிய பழைய ஏற்பாடுதான் இது. வேகம் கூடியதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2022இல் அந்த நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் தொழிலை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் 225 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். வேகம் இருந்தால் லாபம் தானே வரும் என்று இருந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். எதிர்த்திசையில் அதே நேரத்தில், அதே அளவு லோடு இருந்தால்தான் அந்த முறை கட்டுப்படியாகும். ரிட்டன் லோடு இல்லாத வழியில் டிரைவர் திரும்ப ஏறக் காலி வண்டிதான் வரும்.

சித்தூருக்கு இது பொருந்துமா? சென்னைக்கும் பெங்களூருக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறோம், ஸ்ரீசிட்டி, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று இருபுறமும் தொழிற்சாலைகள், இருதிசையிலும் லோடு இருக்கிறது, ஆகவே டிரைவர் மாற்ற இதைவிட நல்ல ஊர் இல்லை என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். சென்னை–பெங்களூரு இப்போதுள்ள ரோட்டிலும் மொத்தமே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஒரு டிரைவர் ஓர் இரவில் முடித்துவிடுவார். அங்கே டிரைவரை மாற்றி மிச்சமாவது சொற்பம். சென்னையிலிருந்து மும்பை, மதனப்பள்ளித் தக்காளி ஏற்றிக்கொண்டு டெல்லி என்கிற நீண்ட ஓட்டத்தில்தான் அது பலன் தரும். அதுவும் நூறு வண்டி வைத்திருக்கிற கம்பெனிக்கு. இந்த நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து வண்டிக்குள் வைத்திருக்கிற சிறு முதலாளிகள். தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவர், ஸ்டியரிங்கை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கமாட்டார். டயர், டீசல், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர் தலையில் இருக்கும்போது அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆகவே சிறு முதலாளிக்கு ரிலே முறை விடை இல்லை. கேட்டில் அவர் நிற்கிற நேரத்தைக் குறைப்பதுதான் விடை. அவரும் பெரிய கம்பெனியும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

வேகம் வேகம் என்று பேசி டிரைவரை விரட்டுகிறாய், ஏற்கெனவே சாவு போதாதா என்ற மறுப்புக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். பலமநேருக்கும் சித்தூருக்கும் நடுவில் மொகிலி மலைப்பாதை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் அங்கே அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை நான் இங்கே தீர்ப்பாகச் சொல்லப்போவதில்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம். பகல் முழுக்கக் கேட்டில் நிறுத்தப்பட்டு, இரவில் லோடு ஏறி, காலைக்குள் சேர்த்துவிடு என்று சொல்லப்பட்ட டிரைவர், இழந்த நேரத்தை மீட்கக்கூடிய ஒரே இடம் ரோடு. வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்த படுக்கை தூக்கம் ஆகாது. சரக்கு லாரிக்கு மணிக்கு 80 என்று வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பூட்டிவிடுகிறோம். நிற்கிற நேரத்துக்கு அப்படி ஒரு வரம்பைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்கிற வேகம் ஆக்சிலரேட்டரில் இல்லாதது. அது கூடினால் டிரைவரின் கால் அழுத்தம் குறையும்.

விரைவுச்சாலைக்கு ஆதரவானவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுமையாகத் திறந்த பிறகு பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவே நாலு மணி நேரம் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். பகலில் கனரக வண்டி நகருக்குள் நுழைய இரு நகரங்களிலும் கட்டுப்பாடு இருக்கிறது. இரவு கிளம்பி விடியலுக்கு முன் நுழைந்துவிடுகிற வண்டிக்கு அந்த நாலு மணி நேரம் உண்மையான லாபம். மத்தியானம் வந்து சேர்கிற வண்டிக்கு, முன்பு வழியில் கழிந்த நேரம் இனி நகர எல்லையில் கழியும். நம் மாங்கூழ் டிரம் போய்ச் சேருகிற சென்னைத் துறைமுகத்தைப் பாருங்கள். வாசலில் கண்டெய்னர் லாரி வரிசை வருடக்கணக்காகச் செய்தி. அதற்குத் தீர்வாகச் சொன்ன துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் வேலை நின்று, 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். பதிமூன்று வருடத்தில் இரண்டு அடிக்கல். ஒரு சாலைக்காக அவ்வளவு காலம் காத்திருக்க முடிந்த நாம், காகிதத்தில் முடிகிற வேலைகளை ஒரு பருவத்தில் செய்துவிடலாம்.

அந்தக் காகித வேலை என்ன? நிற்கிற நேரத்துக்கு இன்று விலை இல்லை. அதனால்தான் அது நீள்கிறது. நிறுத்திவைத்த நேரத்துக்கு ஹால்டிங் சார்ஜ் என்று ஒன்று தொழிலில் இருக்கிறது; கேட்டால் கிடைப்பது அபூர்வம். நீ எப்போது வந்தாய் என்பதற்கே சாட்சி இல்லாதபோது எத்தனை மணி நேரம் நின்றாய் என்று எதை வைத்துக் கேட்பது? ஆலைக்கும் கிடங்குக்கும் லாரியை நிறுத்திவைப்பது இலவசம். லாரி முதலாளிக்கு அந்த நேரத்திலும் தவணையும் பேட்டாவும் ஓடுகிறது. அவர் அதை அடுத்த ட்ரிப் வாடகையில் ஏற்றுகிறார். கடைசியில் அது மாங்காய் விலையில் கழிகிறது. தன் செலவு என்று தெரியாமலே விவசாயி அதைச் சுமக்கிறார். நிற்கிற நேரத்துக்கு விலை கொடுக்க ஆலைக்காரர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டால், முதல் வருடம் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் அழுகிய காயை அவரும் விரும்புவதில்லை. வரிசை குறைந்தால் கழிவும் குறையும் என்பது அவருக்கும் கணக்குத்தான்.

ஆகவே இங்கே இருக்கிற எல்லாத் தரப்புக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தோத்தாபுரிப் பருவம் தொடங்குவதற்கு முன், லாரி உரிமையாளர் சங்கங்களும் ஆலைகளும் மாவட்ட நிர்வாகமும் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு எடைச்சீட்டிலும் இரண்டு நேரங்களை அச்சிடுங்கள்: வண்டி கேட்டுக்கு வந்த நேரம், காலியாகி வெளியேறிய நேரம். எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங் என்பதை அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.